நூற்று நாற்பது வெள்ளி

உச்சவரம்பு பன்னிரண்டாயிரம் வெள்ளி.
பருவம் முழுக்க, பதினாறு பேருக்கு.
அதற்கு மேல் ஒரு காசு போனாலும்
மூன்று புள்ளி வெட்டுவார்கள்.
விதிப்புத்தகத்தில் இது ஏழாம் பக்கம்.
மட்டை எவ்வளவு வளையலாம் என்பதெல்லாம்
அதற்குப் பிறகுதான் வருகிறது.

கோல்காவலர் ஹர்விந்தர், மூவாயிரத்து நானூறு.
பறந்து வரும் பந்தை நெஞ்சில் வாங்குகிறவர்
பேரத்திலும் நகரவில்லை.
பாலம் தாண்டி ஜோகூரிலிருந்து வரும் ஃபைசுல்,
இரண்டாயிரத்து எண்ணூறு.
குடிநுழைவு வரிசையில் நிற்கும் நேரத்துக்கு
அவர் தனியாகக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.
பெனால்டி கார்னருக்கு டெரன்ஸ் ஓ, இரண்டாயிரத்து நூறு.
மிச்சத்தை மற்றவர்கள்
ஒரே குடைக்குள் நனைகிறவர்கள் போலப் பங்கிட்டார்கள்.

நான் பொருளாளர்.
பகலில் ஜூரோங்கில் கப்பல் உதிரிபாகக் கணக்கு,
இரவில் இவர்கள்.
பதினொன்றரை மணிக்கு எக்செல் கட்டம் சிவந்தது:
நூற்று நாற்பது வெள்ளி அதிகம்.

மேலாளர் பாக்கியநாதன் கோப்பி ஓவை ஆற்றிக்கொண்டே
"பேண்டேஜ் செலவில் போடும்மா" என்றார்.
"காயத்துக்கு யார் ரசீது கேட்கப்போகிறார்கள்?"
நான் போடவில்லை.
நேர்மை என்று சொல்லமாட்டேன்.
தணிக்கைக்கு வரும் ஷர்லி டானை எனக்குத் தெரியும்,
பிளாஸ்திரியைக்கூட எண்ணுவாள்.

அட்டவணையின் கடைசி வரி:
மகிழ்நன், எண் பதினாறு, நூற்று நாற்பது.
இதுவரை களத்தில் பதினோரு நிமிடம்.
ஒரு தொகை இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினால்
எனக்குக் கொஞ்சம் பயம் வரும்.
அழித்தேன்.
கட்டம் பச்சையானது.
செய்தி அனுப்பினேன். "சரிக்கா" என்று வந்தது,
பின்னாலேயே ஒரு கட்டைவிரல்.

சனிக்கிழமை செங்காங் திடலுக்கு வந்திருந்தான்.
இடி எச்சரிக்கை விளக்கு சுழன்று
ஆட்டம் நாற்பது நிமிடம் நின்றபோது
நீலத் தரையில் தேங்கிய நீரை
ரப்பர் துடைப்பத்தால் தள்ளியவன் அவன்தான்.
பெஞ்சில் அதே ஓரம். முதுகில் அதே பதினாறு.
தன் பேருந்துக் காசு, தன் மட்டை, தன் தண்ணீர்.
இரண்டுக்கு மூன்று, தோற்றோம்.

பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கலையும்போது
ஹர்விந்தர், கால்காப்பைக்கூடக் கழற்றாமல்,
அவன் உள்ளங்கையில் எதையோ மடித்துத் திணித்தார்.
"மீ கோரெங் சாப்பிடு, போ."
நீல நிறம். ஐம்பதுதான். ஒன்றா, மூன்றா?

ஆட்டக்காரர் எவர் கையிலிருந்து எதைப் பெற்றாலும்
அது சம்பளமே.
அதே ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி.

குனிந்தேன்.
இறுக்கமாகவே இருந்த காலணிக் கயிற்றை
அவிழ்த்து,
அவர்கள் இருவரும் வாசலைத் தாண்டும்வரை
மெதுவாக,
மறுபடியும் கட்டினேன்.