பன்னிரண்டு புள்ளி ஆறு

நாகமலைப் புதுக்கோட்டையில் டீ குடிக்க இறங்கினேன்.
நாலே முக்கால்.
முகப்பு விளக்கை அணைக்கவில்லை. பாட்டையும்.
பின்னால் பதினாறு மூட்டை மல்லி,
கருமாத்தூர்ச் சுற்றுப்பட்டில்
நெற்றியில் விளக்குக் கட்டிப் பறித்த மொட்டு.
விடியுமுன் மாட்டுத்தாவணியில் இறக்கினால்தான் விலை.

சாவியைத் திருப்பினேன்.
டிக்.
மறுபடி.
டிக் டிக்.
பல்லி சொல்வதுபோல்
அவ்வளவுதான் சொன்னது வண்டி.

டீ மாஸ்டர், பால் ஊற்ற வந்தவர்,
நடைபோக வந்த ஷூக்காரர் இரண்டு பேர்
எல்லோரும் தள்ளினார்கள்.
இரண்டாம் கியரில் கிளட்சை விட்டேன்.
குலுங்கியது, இருமியது, நின்றது.
தேனி பஸ் கண்டக்டர்
ஜன்னல் வழியே ஒரு விசில் கொடுத்துவிட்டுப் போனார்.

லாரிகள் நின்று கேட்டன.
லாரிக்கு இருபத்துநாலு வோல்ட், எனக்குப் பன்னிரண்டு,
சம்பந்தம் கூடாது.
ஏழேகாலுக்கு ஒரு முட்டை வண்டி வந்தது,
என் வண்டியின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.
சிவப்பில் சிவப்பு.
கறுப்பின் ஒரு முனை அவனுக்கு,
மறுமுனை கடைசியாக என் இஞ்சின் இரும்பில்.
உறுமியது. நான் காசு கொடுக்க, அவன் வாங்கவில்லை.

மாட்டுத்தாவணியில் மூட்டைக்குள் கைவிட்டேன்,
காய்ச்சல்காரன் நெற்றி.
வாய் திறந்த மல்லி மாலைக்கு ஆகாது.
சென்ட் கம்பெனிக்கு, சொன்ன விலைக்குப் போனது.
ஒச்சாயி மதினிக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி
நாலாயிரத்து நூறு.

அணைக்காமலே ஓட்டிவந்து காளவாசலில் நிறுத்தினேன்.
ரெஜினா பேட்டரி ஒர்க்ஸ்.
ரெஜினாவே வந்தாள்,
சுடிதார் முழுக்க ஆசிட் தின்ற பொட்டு.
மூடிகளைத் திருகி டார்ச் அடித்தாள்.
ஆறு அறை. ஆறிலும் தகடு தெரிந்தது,
சித்திரையில் வைகை மணல் தெரிவதுபோல்.

"என்ன தண்ணி ஊத்துனீங்க?"
"டீக்கடையில வாங்குன பாட்டில் தண்ணி."
"அது மனுசனுக்கு.
இதுக்கு ஒண்ணுமே இல்லாத தண்ணி வேணும்."

அட்டையில் முப்பத்தாறு மாதம்.
ஓடியது முப்பத்தேழு.
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"அஞ்சு வருசம் ஓட்டுனவுகளும் வர்றாக.
நம்ம ஊரு வெயிலுக்கு மூணு வருசம் மோசமில்ல.
ஆனா இது திடீர்னு சாகலண்ணே,
சொல்லிட்டுத்தான் இருந்திருக்கும்."

சொன்னதுதான்.
ஆக்சிலேட்டரை மிதித்தால் பிரகாசமாகி
விட்டால் மங்கிய விளக்கு.
தொண்டை கட்டிய ஹாரன்.
வண்டிக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்தேன்.
மார்கழி தையில் பூ வரத்தில்லாமல்
ஐந்து வாரம் புளியமரத்தடியில் போட்டிருந்தேன்.
வண்டிதான் நின்றது. பேட்டரி நிற்கவில்லை,
யாரும் பார்க்காத கடிகாரத்துக்குச்
சொட்டுச் சொட்டாய்க் கொடுத்துக்கொண்டே இருந்தது.
பத்தாம் நம்பர் ஸ்பேனரால்
அந்தக் கறுப்பு ஒயரைக் கழற்றிப் போட
அரை நிமிடம் ஆகியிருக்கும்.

முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது.
என் வண்டியில் விலை போகாமல் தினமும் பூத்த பூ.
வெந்நீர் ஊற்றித் தேய்த்தாள்.
துடைத்தாள்.
புதியதை வைத்து, வாசலின் தடவி,
ஆடாமல் இருக்கப் பட்டையை இறுக்கினாள்.
"குலுங்குனா உள்ள தகடு உதிரும்.
பெல்ட்டும் தொளதொளன்னு இருக்கு, பாத்துக்கங்க."

பழையதைத் தராசில் வைத்தாள். பதினாலரைக் கிலோ.
அதைக் கழித்து நான் கொடுத்தது நாலாயிரத்துச் சொச்சம்.
ஒரு தண்ணீர் கேன் எண்பது ரூபாய்.
கணக்கை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

மீட்டரின் ஊசிகளை வைத்துக் காட்டினாள்.
"ராத்திரி நிறுத்துன வண்டி
காலைல இந்த நம்பர் காட்டணும்.
பன்னெண்டுக்குக் கீழ போனா என்னைக் கூப்பிடுங்க,
ரோட்டுல போறவுகளக் கூப்பிடாதீங்க."

ஒன்பது மணிக்கு மதினி போன் செய்தது.
பாக்கியைப் பற்றிக் கேட்கவில்லை.
"சிவனாண்டி, நாளைக்கு வருவியா?"
"பன்னிரண்டு புள்ளி ஆறு" என்றேன்.
"என்னது?"
"வர்றேன்."