மே/பா போதகர்

லிந்துலைத் தபால் கந்தோரில்
பத்தொன்பது வருசமாய்ப் பை தூக்குகிறவன் நான்.
கோயிலுக்குப் போகிறவன். சேர்ச்சுக்குள்
நேற்றுத்தான் முதன்முதல் போனேன், செருப்பைக் கழற்றிவிட்டு.
கழற்ற வேண்டியதில்லையாம், யாரோ சொன்னார்கள்.
கழற்றியது கழற்றியதாய் இருக்கட்டுமென்று நின்றேன்.

பெட்டிக்குள் போதகர் எலியேசர் மாசிலாமணி.
வெள்ளை அங்கி. புது மேசு.
மேசுக்குள் இருக்கும் கால்களை எனக்குத் தெரியும்.
முழங்கால் வரை அட்டைக்கடித் தழும்பு.
உப்புப் பொட்டலம் எப்போதும் பையில் இருக்கும்,
அடுத்தவர் காலுக்குத் தூவியே தீர்ந்துவிடும்.

என்னைப் பேசச் சொல்லவில்லை.
ஆகையால் இங்கே.

மலைக்கு விலாசம் கிடையாது.
இருபதாம் லயம், ஆறாம் காம்பரா என்று எழுதினாலும்
கடிதம் தோட்டத்துக் கந்தோர் மேசை வரைதான்.
அதற்கப்பால்
கிளாக்கரையாவின் ஞாபகம்,
துரையின் மனசு,
மழை.
நேர்முகப் பரீட்சை பன்னிரண்டாந்தேதி.
கடிதம் கைக்கு வந்தது இருபதாந்தேதி.
செல்லநாச்சி மகன் இன்னும் புல்லு வெட்டுகிறான்.

அதன்பிறகுதான் போதகர் சொன்னார்:
எல்லாரும் என் வீட்டு விலாசத்தைப் போடுங்கள்.
வேதக்காரர், சைவர், தீ மிதிக்கிறவர்,
எந்தச் சாமியும் வேண்டாமென்ற
சங்கத்து அரியதாசு,
அத்தனை பேரும் மே/பா போதகர்.
தபால் கணக்கின்படி
முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம்
ஒரே கதவுக்குப் பின்னால் குடியிருந்தது.
பரிமளம் அம்மா பிஸ்கட் தகரங்களில்
லயம் லயமாய்ப் பிரித்து வைப்பார்.

பிரசங்கம் பத்து நிமிசம் தாண்டாதென்று கேள்வி.
மற்ற நேரமெல்லாம் பெயர் திருத்தம்.
முத்துராக்கு எழுதினவன் கையில் முத்துராசு ஆகியிருந்தாள்.
பேச்சாயி, பிறப்புப் பத்திரத்தில், ஆண்.
கச்சேரி யன்னலில் நின்று
"நாலு பிள்ளை பெத்தவ ஐயா, பொம்பளைதான்" என்று
சத்தியக்கடதாசி முடித்தார்,
மூன்றாம் தடவை பஸ் ஏறி.
அவர் பத்திரத்திலேயே எலியசார் என்றிருப்பது
மரணப் பதிவுக்குப் போனபோதுதான் தெரியவந்தது.

தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம்.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
"ஆண்டவர் யாருக்கும் அரைப்பேர் போடுறதில்லை"
என்று சம்பளப் போராட்டத்தில் சொன்னார்.
அதற்கு ஒரு ராத்திரி பொலிசில் இருந்தார்.

மேல்பிரிவில் சுவர் வெடித்த வருசம்,
மண் இறங்குமென்று மனுப் போட்டுப் போட்டு அலுத்து,
வெடித்த காம்பராவிலேயே பாய் விரித்துப் படுத்தார்.
பதினோரு நாள். விடாத மழை.
பன்னிரண்டாம் நாள் ஜீப் வந்தது.
சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார்கள்,
வீடு தருவதாய் எழுதிக் கொடுத்தார்கள்.
வீடு இன்னும் வரவில்லை.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கோபக்காரர்.
"நீர் எப்ப மேல ஏறுவீர்?" என்பார் என்னிடம்.
"தோட்டத்துக் கந்தோர் வரைதான் ஐயா எங்க கணக்கு" என்பேன்.
ஒருநாள் முகத்திலேயே கதவைச் சாத்தினார்.
திரும்பி நடந்தேன். பின்னாலேயே தேத்தண்ணி வந்தது,
பரிமளம் அம்மா கையில்.
நான் ஏறவில்லை.

இன்று காலை ஏழு கடிதம், மே/பா போதகர்.
பெறுநர் காலமானால்
சிவப்பு மையில் எழுதித் திருப்ப வேண்டுமென்பது ரூல்.
பேனாவை எடுத்துவிட்டேன்.
பெறுநர் யாரும் காலமாகவில்லை.
மே/பா மட்டும்தான்.

இருபதாம் லயத்துக்கு
அறுநூறு படியோ என்னவோ, பாதியில் எண்ணிக்கை தப்பியது.
காலில் மூன்று அட்டை. உப்பு கொண்டுபோகத் தோன்றவில்லை.
கதவில் அவர் சுண்ணாம்பால் போட்ட நம்பர்களைத்
தோட்டம் வெள்ளையடித்து மூடியிருந்தது.

கூடை இறக்கிக்கொண்டிருந்த ஒருத்தியிடம்
"ஆறாம் காம்பரா எது?" என்றேன்.
காக்கிச் சட்டையைப் பார்த்துப் பயந்தாள்.
"யாருக்குங்க?"

உறையைத் திருப்பி
வெளிச்சத்தில் பிடித்து
முழுப்பேரையும் வாசித்தேன்.