துளசிங்கம் வீடு

பத்திரம் பதிந்தாயிற்று.
இருபது வருஷத் தவணை என் பெயரில்.
கரண்ட் அட்டையில் மட்டும்
இன்னும் துளசிங்கம்.

கேன் தண்ணீர்ப் பையன் நேற்று
“துளசிங்கம் சார்” என்றான்.
“ம்” என்றேன்.

ஆணி அடிக்கக் கூடாத
ஏழு வாடகை வீடுகளுக்குப் பிறகு
சுத்தியலோடு நிற்கிறாள் அம்சவேணி,
எந்தச் சுவர் முதலில் என்று தெரியாமல்.

சமையலறையில் ஒரு சுவிட்ச்.
போட்டால் எதுவும் எரிவதில்லை.
படுக்கப் போகுமுன்
அதையும் அணைத்துவிட்டுத்தான் போகிறோம்.

மொட்டைமாடியில் பகல் வெயில்
ராத்திரி பத்துக்கும் பாதம் சுடுகிறது.
எதிரே மொட்டைப் பாறைமலை, ஒற்றை விளக்கு.

பிரியாணி கொண்டுவருகிறவன் போனில்,
வழி தெரியவில்லையாம்.
“சத்துவாச்சாரிதாம்பா. தண்ணித் தொட்டி தாண்டி
மூணாவது சந்து.
துளசிங்கம் வீடுன்னு கேளு,
யாரும் காட்டுவாங்க.”