டைனமோ பக்கம்

ஓட்டாகர் எண்ணெய் கலக்கவில்லை என்று
ஆறு வருஷமாய்ச் சொல்லிவந்தேன்.
அவன் மனைவியிடம், என் மருமகனிடம்,
த்ரெபிச் தபால் அலுவலக வரிசையில்
கேட்காதவர்களிடமும்.
நாக்குக்குத்தான் நரம்பில்லையே.

தீயணைப்புச் சங்கத்தைக் கலைத்தபோது
ஏலத்தில் நான் எடுத்த ஜாவா அது.
இருநூற்றைம்பது சிசி, இரண்டு புகைக்குழல்,
டேங்கில் பாதி அழிந்த ஒரு கோடரிச் சின்னம்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் கேட்டான். கொடுத்தேன்.
ஏற்றத்தின் நடுவே பின்சக்கரம் இறுகி
சாலையில் கறுப்பாய் ஒரு கோடு இழுத்து நின்றதாம்.
ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தான்,
ஜூலை வெயிலில், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
"இருபத்தைந்துக்கு ஒன்று, ஜித்கா.
அளந்துதான் ஊற்றினேன்."
நான் கேரேஜ் கதவைச் சாத்தினேன்.

இந்தப் பிப்ரவரியில்தான் திறக்கத் தோன்றியது.
ஏன் என்று கேட்காதீர்கள்,
இடுப்பு வலி, பனி, தொலைக்காட்சியில் ஒன்றுமில்லை.
சிலிண்டர் வர மறுத்தது.
மூன்று நாள் டீசலில் ஊறவைத்து
மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி
ஒருவழியாகக் கையில் வந்தது பிஸ்டன்.

எண்ணெய் இல்லாமல் செத்திருந்தால்
ஸ்கர்ட்டைச் சுற்றிலும் கீறியிருக்க வேண்டும்.
மேல் பேரிங் நீலம் பாய்ந்திருக்க வேண்டும்.
விரலை விட்டுச் சுழற்றினேன்.
வெண்ணெயில் கத்தி போலச் சுழன்றது.
விரல் நுனியில் பழுப்பு நிறத்தில்
ஆறு வருஷத்து எண்ணெய்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

சூடேறுமுன் விரட்டியிருந்தால்
நாலு மூலையிலும் கோடு விழும். இல்லை.
இக்னிஷன் முந்தியிருக்குமோ?
டயல் கேஜ் வைத்து இரண்டு முறை பார்த்தேன்.
இரண்டாவது முறை, உண்மையைச் சொன்னால்,
முந்தியிருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.
ஜெட்டில் அடைப்பு? ஊசி நுழைந்து வந்தது.

புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும்
தலையின் ஓரம் மெழுகுபோல் சரிந்திருந்தது.
வழிந்த அலுமினியம் மேல் ரிங்கைப் பூசி மூடியிருந்தது.
பிளக் சாக்பீஸ் வெளுப்பு.
பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து, வெந்திருக்கிறது.
எந்தக் காற்று? எந்த வழியாக?

சிலிண்டரை மறுபடி மாட்டி
துவாரங்களை ரப்பர் வைத்து அடைத்தேன்.
சைக்கிள் பம்பால் நாலு தரம், அதற்குமேல் வேண்டாம்.
தூரிகையில் சோப்புத் தண்ணீர்.
இடப்பக்கம், செயின் எண்ணெயில் குளித்த பக்கம்,
மூச்சுக் காட்டவில்லை.
வலப்பக்கம், டைனமோவுக்குப் பின்னால்,
ஒரு குமிழி.
நான் குனிந்து பார்க்கும்வரை காத்திருந்ததுபோல்
இன்னொன்று.

சீலைக் கொக்கியால் நெம்பினேன்.
விளிம்பு உலர்ந்த ஆரஞ்சுத் தோல்,
மடக்கியதும் ஒடிந்தது.
பதினோரு குளிர்காலம் சூடில்லாத கொட்டகையில்
அதை உலரவிட்டது நான்.
இரவல் வாங்குமுன் அவன் கேட்டது
இப்போது தெளிவாகக் கேட்கிறது:
"சீல் ரெண்டையும் மாத்திடட்டுமா?
நூறு கொருனாகூட ஆகாது."
ஓடுகிற வண்டியைக் கிண்டாதே என்றேன்.

சோப்பு நுரை காய்ந்து
வெள்ளை வளையமாகிவிட்டது.
கை கழுவாமல் போனை எடுத்தேன்.
ஏழு மணி அடித்தது. அவன் எடுத்தான்.
பின்னால் யாரோ தட்டு அடுக்கும் சத்தம்.
மன்னிப்பு என்ற சொல்லை
வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்,
"எஞ்சினைப் பிரிச்சேன்" என்றுதான் வந்தது.

தட்டுச் சத்தம் நின்றது.

"டைனமோ பக்கமா?" என்றான்.