காலி வீடுகளை எண்ணுபவள்

மெக்சிகோ நகரத்திலிருந்து இரண்டு பேருந்து, பிறகு ஒரு வேன்.
கடைசி நிறுத்தம் சான் கபினோ.
ஒன்பதாயிரம் வீடுகள், ஒரே அச்சில் வார்த்தவை,
தலைக்கொரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி.
வாரியம் தந்த அட்டையில் செருகிய படிவத்தில்
மூன்றே கட்டங்கள்:
குடியிருக்கிறார்கள். காலி. சிதைந்தது.
ஒன்றில் மட்டும் குறியிடச் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் தெரு:
காலி, காலி, சிதைந்தது,
கதவுகூட இல்லாத காலி.
சன்னல் சட்டங்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன.
கழிப்பறைப் பீங்கான் இருந்த இடத்தில்
வட்டமாக ஒரு பள்ளம்,
அதில் கள்ளிச் செடி.

மலிவான வீட்டுக்கு மலிவான நிலம் வேண்டியிருந்தது.
மலிவான நிலம் வேலையிலிருந்து வெகு தொலைவில் கிடந்தது.
அந்தத் தொலைவை
விலைப்பட்டியலில் யாரும் எழுதவில்லை.
விடிகாலை நான்கு மணிக்கு
கம்பியைப் பிடித்து நின்றபடி தூங்கியவர்கள்
தவணை தவணையாக அதைக் கட்டினார்கள்.

கடனையும் பெசோவில் எழுதவில்லை.
இத்தனை நாள் கூலி வாங்கினாய்,
இத்தனை நாள் கூலி பாக்கி என்று எழுதினார்கள்.
ஜனவரி தோறும்
குறைந்தபட்சக் கூலி உயர்ந்ததாக வானொலி சொல்லும்.
அதே இரவில்
கடனும் பாயை உதறி எழுந்து நிற்கும்.
நூற்றுப் பதினான்காம் எண், எரிபெர்த்தோ சால்திவார்
பதினோரு வருடம் கட்டினார்.
வாங்கியதைவிடப் பாக்கி அதிகம் என்று கடிதம் வந்த வாரம்
சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போனாராம்.

அந்த நூற்றுப் பதினான்கில்
சோளம் வாட்டும் வாசம் வந்தது.
எண்ணெய் டின்னில் சிவப்பு ஜெரேனியம்.
திறந்தவள் பெயர் ஒப்துலியா.
ஆறு வருடமாக இருக்கிறாள்.
இது யாருடைய வீடு என்றேன்.
"கேட்பது யார் என்பதைப் பொறுத்தது."

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள்:
சிமென்ட் இரண்டு மூட்டை, குழாய், கண்ணாடி, பூட்டு,
எழுபத்தொரு தண்ணீர் ரசீது.
பெயர் எரிபெர்த்தோவுடையது, பணம் அவளுடையது.
சுண்ணாம்பு அடித்த சுவரில்
ஒரு சாண் அகலம் மட்டும் அடிக்காமல் விட்டிருந்தாள்.
அங்கே பென்சில் கோடுகள்.
யாருடைய குழந்தையோ வளர்ந்த உயரம்,
மூன்றாவது கோட்டோடு நின்றிருந்தது.

படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.
"காலி என்று போட்டால் போலீஸ் வரும்.
இருக்கிறார்கள் என்று போட்டால்
அந்த மனிதனுக்கு வட்டி ஓடும்.
சிதைந்தது என்று மட்டும் போடாதே.
அதைத்தான் நான் சரிசெய்தேன்."

பேனாவால் நான்காவது கட்டம் ஒன்றை வரைந்தேன்.
கோணலாக வந்தது.
அந்த வாரத்தில் நாற்பத்தொன்று வரைந்தேன்.

இயந்திரம் நாற்பத்தொன்றையும் துப்பியது.
மேலதிகாரி கின்தனார் கத்தினார்,
பிறகு கையால் எண்ண வேண்டியிருந்ததால்
உட்கார்ந்து படித்தார்.
மற்ற ஊர்களிலிருந்தும்
அதே கோணல் கட்டங்கள் வந்திருந்தன.

இரண்டு வருடம் கழித்துப் புது விதி:
பழைய கடன்கள் பெசோவுக்கு மாறும், இனி வளராது.
இரட்டிப்பாகக் கட்டியவருக்குக் கணக்கு முடியும்.
குடியிருந்து பராமரிப்பவர்
தாங்கக்கூடிய தவணையில் வீட்டை எடுத்துக்கொள்ளலாம்.
அச்சடித்த நான்காவது கட்டம் நேராக இருந்தது.

கீழே பொடி எழுத்தில்:
முன்னாள் கடன்தாரர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

எரிபெர்த்தோவைத் தேட நான்கு மாதம் ஆனது.
நகரத்துச் சந்தை ஒன்றின் பின்னால்,
வாடகை அறையில்,
வெங்காய மூட்டை இறக்குகிறார்.
ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை.

ஒப்துலியாவிடம் இதைச் சொல்லப் போனேன்.
அவளுக்கு மகிழ்ச்சிதான்,
கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.
பிறகு விரல்விட்டு எண்ணினாள்:
இரண்டு பேருந்து, ஒரு வேன்,
திரும்பிப் போக ஒரு வேன், இரண்டு பேருந்து.
"அவருக்கு அந்தக் காசை
உங்கள் வாரியம் தருமா?"