ஐம்பத்தொன்று

ஊருக்கு இரண்டு பெயர்.
பத்தாங் பெர்ஜுந்தை என்றார்கள், பிறகு பெஸ்தாரி ஜெயா.
பலகை மாறிய பின் எண்ணிப் பார்த்தேன்:
அப்போதும் இரண்டு சொல், இப்போதும் இரண்டு சொல்.
இப்படி எண்ணும் வியாதி எனக்கு
'அரைப்பக்கம்' தொடங்கியதிலிருந்து.

ஐம்பது சொல்லுக்குள் ஒரு கதை.
யாரும் எழுதலாம், எந்த மொழியிலும் சொல்லலாம்,
எழுத வராதவர் போனில் பேசி அனுப்பலாம்.
போட்டோஸ்டேட் கடை மாடியில்
யோகேஸ்வரி காதில் வாங்கித் தட்டச்சு செய்வாள்.
கீழே தவ்கே ஆ ஹெங்
முந்நூறு படிக்குப் பாதிக் காசு வாங்குவார்.
தமிழ் தெரியாது அவருக்கு. ஆனாலும்
தாள் கோணலாக விழுந்தால்
திட்டிக்கொண்டே நேராக்குவார்.

முதல் இதழிலேயே தில்லுமுல்லு.
ஓய்வுபெற்ற கிராணி தேவசகாயம் இலக்கணம் படித்தவர்.
இடைவெளிகளை விழுங்கி
'வந்துகொண்டிருந்தவளைப்பார்த்துவிட்டேனென்று'
ஒரே சொல்லாய் எழுதி அனுப்பினார்.
இது ஒன்றா ஐந்தா என்று
தே தாரிக் ஆறி ஆடை படியும்வரை சண்டை.
கடைசியில் ஒன்று என்றோம்.
மறுமாதம்
ஊருக்கே புணர்ச்சி விதி தெரிந்துவிட்டது.

ஆலையில் குலை ஏற்றும் ரஃபீக்குல்
மலாயில் சொன்னது நாற்பத்தெட்டு,
தமிழில் முப்பத்தொன்றாய் இறங்கியது.
மிச்சம் பதினேழு எங்கே என்று ஆளனுப்பிக் கேட்டான்,
சம்பளத்தில் பிடித்துவிட்டதுபோல்.
அழகு நிலையம் ஷர்மினியிடம்
திருநங்கை என்று குறிப்பில் போடலாமா என்றதற்கு,
'போடுங்க. ஆனா இது பேய்க்கதை.
யாரும் பயப்படலன்னாதான் எனக்கு அவமானம்.'

படிவத்தைச் சொல்ல மறந்தேன்.
கூட்டுறவுக் கடன் படிவத்தைப் பார்த்து நகலெடுத்தது.
பெயர், தந்தை பெயர், அடையாள அட்டை எண், இனம், சமயம்.
கதைக்கு இதெல்லாம் எதற்கென்று
யோசிக்கவே இல்லை.
இதழுக்கு ஒரு கட்டமாய் அடித்துக்கொண்டே வந்தோம்.

குணவதி வந்தது ஏழாம் இதழுக்கு.
ஆலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள்.
இங்கேயே பிறந்தும் சிவப்பு அட்டை.
அதைப் பற்றித்தான் எழுதுவாள் என்று
தலைப்புகூட யோசித்து வைத்திருந்தோம், வெட்கக்கேடு.
அவள் எழுதியிருந்தது ஒரு சேவல்.
ஆலைச் சங்கு பழுதான காலையில் அது கூவுகிறது,
பெரட்டுக்கு எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.
மண்டோர் அதைப் பதிவேட்டில் ஏற்றுகிறார்.
மறுநாள் ஞாயிறு.
ஓவர்டைம் கேட்டு
சேவல் ஆபீஸ் வாசலில் நிற்கிறது.

சிரித்து முடித்து எண்ணினேன். ஐம்பத்தொன்று.
எந்தச் சொல்லை உருவினாலும் சேவல் நொண்டியது.
'என் பேரை எடுத்துடுங்க, சரியாயிடும்' என்றாள்.
பெயர் கணக்கில் வராது அக்கா.
'தெரியுமே,' என்றாள்,
'வந்ததே இல்ல.'
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று படியிறங்கிவிட்டாள்.

விதியை அடிக்கலாம் என்றாள் யோகேஸ்வரி.
அடித்தால் தேவசகாயம் நூறு சொல் அனுப்புவார் என்றேன் நான்.
இரவு பதினொன்று.
கீழே ஆ ஹெங் இரும்புக் கதவை
வேண்டுமென்றே சத்தமாய் இழுத்தார்.
குணவதியின் பெயரைத் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் வைத்து
ஐம்பத்தொன்றையும் கொடுத்துவிட்டோம்.
யாரும் எண்ணவில்லை.
தேவசகாயம் மட்டும் எண்ணியிருக்கிறார்.
போனில் அழைத்து, கொஞ்ச நேரம் மூச்சுவிட்டு,
சேவல் நல்லாயிருக்கு என்று வைத்துவிட்டார்.

இன்று பேருந்து நிலையத்தில் ஒரு பையன்,
பள்ளிச் சீருடை, மடியில் பை.
கோலசிலாங்கூர் பஸ் வளைந்து திரும்புவதற்குள்
படித்து முடித்துவிட்டான்.
அவ்வளவுதானா என்று தாளைத் திருப்பினான்.
பின்பக்கம் டயர் கடை விளம்பரம்.
அதையும் படித்தான்.