நடக்காதவை

நிதிக் கோரிக்கைப் படிவத்தில் பதினொன்றாம் கட்டம்:
எதிர்பார்க்கும் விளைவு. எண்ணிக்கையில் தருக.

ராயக்கோட்டை. இரவு பத்தே முக்கால்.
மண்டியில் கடைசித் தக்காளி லாரிக்குக் கயிறு இறுக்குகிறார்கள்.
எழுதுகிறேன்:
‘நாற்பத்திரண்டு விபத்துகள் நடக்காது.’

அழிக்கிறேன்.
நடக்காததற்கு யாரிடம் ரசீது வாங்குவது?
உடையாத இடுப்பெலும்பை
எக்ஸ்ரே எடுத்து இணைக்கச் சொன்னால்
எந்த ஆஸ்பத்திரிக்குப் போவேன்?

போன வருஷப் பணத்தில் வாங்கியவை
கைப்பிடி இல்லாத நாற்காலி ஆறு,
ஸ்டாப் வாட்ச் இரண்டு,
பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று. அதன் பட்டை
திம்மக்காவின் கையில் நிற்காமல் நழுவும்.
கைப்பிடியுள்ள நாற்காலி அதே விலைதானே
என்று தணிக்கையில் கேட்டிருந்தார்கள்.
ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதுதான்
ஐயா, ஆய்வே.

முப்பது விநாடி. எழு, உட்கார், எழு.
முதல் மாதம் திம்மக்கா ஐந்து முறை.
எட்டாம் மாதம் பதினொன்று.
பன்னிரண்டாவதாக எழுந்தவள் உட்காரவில்லை,
பழம் தரம்பிரிக்க மண்டிக்குப் போய்விட்டாள்.
மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பு:
வேலைக்குப் போகிறவரை முதியோரில் சேர்த்தது எப்படி?
அறுபத்தொன்பது வயது என்று பதில் போட்டேன்.
வேறென்ன போட?

அது போகட்டும்.
தூக்கம் வராதது வேறொன்றால்.

ஆய்வில் இரண்டு ஊர்.
ஒன்றுக்கு நாற்காலி, பயிற்சி, கண் பரிசோதனை,
வாரம் இரண்டு நாள் கொள்ளுச் சுண்டல்.
மற்றதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் நானும்.
மாதம் ஒருமுறை வாசல் வாசலாகக் கேட்பேன்,
யாராவது விழுந்தீங்களா?
ஒருத்தரும் இல்லை என்ற மாதம்
என் முகம் கொஞ்சம் வாடியிருக்க வேண்டும்.
முனிவெங்கடப்பா பார்த்துவிட்டார்.
‘ஏம்மா, நாங்க விழலைன்னா உனக்குச் சம்பளம் வராதா?’
சிரித்தார்.
நானும் சிரித்து வைத்தேன்.

தையில் அவரே விழுந்தார்.
பொதுக்குழாயடிப் பாசி. இடது இடுப்பு.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில் பதினாறு நாள்.
என் அட்டவணையில் அவர் பெயர் கிடையாது,
ஒரு ‘1’.
அந்த ஒன்று விழுந்த பிறகுதான்
இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசம்
புள்ளியியல்படி நிரூபணமானது.
‘நல்ல சேதி’ என்றார் போனில் பேராசிரியர்.
பிறகு அவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தக் குழாயடியை மாதாமாதம்
தாண்டித்தானே போனேன்,
புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
கவனிப்பவள் தலையிடக்கூடாது என்பது விதி.
பாசிக்கு அந்த விதி தெரியும் போல.

லாரி கிளம்பிவிட்டது.
பதினொன்றாம் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுச்
செலவுப் பக்கத்துக்குப் போகிறேன்.
இரண்டாம் ஊருக்கும் நாற்காலி, ஆறு.
கைப்பிடி இல்லாதது.
அதன் கீழே,
குழாயடியில் சொரசொரப்பாகச் சிமெண்ட் பூச,
கொத்தனார் கூலி சேர்த்து
நாலாயிரத்து இருநூறு.
இது ஆய்வுச் செலவு அல்ல என்று
சிவப்பு மையில் அடிப்பார்கள்.
அடிக்கிறவர் கை ஒருமுறையாவது
அந்த வரியில் நிற்கட்டும்.